பாண்டிசெல்வி நேர்ந்துகொண்ட ரெண்டு முழச் சடை

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் காலையில் ராஜபாளையம் பஸ் கிளம்பும்போது, பாண்டிசெல்வி ஏறிவிட்டாள் என்பதற்காகக் கண்டக்டர் உடனே விசில் ஊதிவிட மாட்டார். அவள் ஏறியாச்சு, அவளுடைய சடை ஏறியாச்சா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊதுவார். முன்படியில் ஏறி, சீட்டுப் பிடித்து, டிக்கெட்டும் வாங்கி முடித்த பிறகுதான் சடையின் நுனி படியேறும் என்று அவள் தெருவில் சொல்வார்கள். இதில் பாதி பொய். மீதிப் பாதியே ரெண்டு முழத்துக்குக் குறையாது.

அந்தச் சடைக்குச் சொந்தக்காரிக்கு முப்பத்தொன்பது வயது. வீட்டுக்காரர் ஐயாதுரை, பால்கோவாக் கடைகளுக்குப் பால் வண்டி ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுவார், அதில் ரெண்டு 'டீ குடு'. அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பாண்டிசெல்வி பேசிவிடுவதால் வீட்டில் கணக்கு சரியாக இருந்தது. ஒரே பிள்ளை, இந்து.

பாண்டிசெல்விக்கு வேலை ராஜபாளையத்தைத் தாண்டி சத்திரப்பட்டிப் பக்கம், பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறி ஷெட்டில். எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தன் பைக்கிலிருந்து விழுந்து முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால், அந்தக் கட்டை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம ஷெட்டுத் துணி" என்பாள். நம்மூரில் ஆறிய காயத்தில் பாதி டாக்டரால் ஆறியது, பாதி தன்னால் ஆறியது என்பது அவளுடைய எண்ணம். அதை டாக்டர்கள் எதிரிலேயே சொல்லியிருக்கிறாள்.

ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. பெண்பிள்ளைகள் சடையைத் தொங்கவிடக் கூடாது. கொண்டை போட்டு, அதன் மேல் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் தறிக்குப் பக்கத்தில் போக வேண்டும். ஓடுகிற மோட்டாருக்கு நூலும் தெரியாது, முடியும் தெரியாது. பாண்டிசெல்வியும் அப்படித்தான் கட்டுவாள். ஆனால் மற்றவர்கள் துண்டு கட்டினால் தலை தெரியும். அவள் கட்டினால் தலைக்கு மேல் இன்னொரு தலை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

இந்து பன்னிரண்டாவது படிக்கும்போது டெங்கு வந்து படுத்தாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் இருக்க வேண்டியது இறங்கிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்னார். ஐயாதுரை வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். பாண்டிசெல்வி அவர் பக்கத்தில் நின்று, இருக்கன்குடி மாரியம்மன் இருக்கிற திசை எது என்று தெரியாமல் நாலு திசைக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

"ஆத்தா, எம் புள்ளையப் பொழைக்க வையி. அவ ஆசைப்பட்ட மாதிரி நர்சுக்குப் படிச்சு முடிச்சதும், ஒனக்கு ரெண்டு முழச் சடை தாரேன்."

மற்றவர்கள் என்றால் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள், அத்தோடு முடிந்தது. பாண்டிசெல்விக்கு அது பத்தவில்லை. பிள்ளை சாகக் கிடக்கிற நேரத்திலும், சாமியிடம் பேசுகிற பேச்சிலும், சடையின் நீளத்தைச் சொல்லிக் காட்டாமல் அவளால் இருக்க முடியவில்லை. அந்த ரெண்டு முழம் பின்னால் அவளை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது மாரியம்மனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இந்து பிழைத்தாள். மூன்று வருச நர்ஸ் படிப்பில் இடமும் கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்கடை போட்டிருக்கிறவள் அழகுத்தாய். பாண்டிசெல்வியைவிடப் பத்து வயது மூத்தவள், ஒன்றரையடி குட்டை. கையும் ஆளுக்கேற்ற கை. அந்தக் கையால் முழம் போட்டால் ஊரார் முழத்துக்கு ரெண்டு விரல் குறையும். ஆண்டாள் பிறந்த ஊரில் பூவுக்கா பஞ்சம், ஆனால் பஸ்ஸுக்குப் போகிற வழியில் வேறு கடை கிடையாது. இதனால் பாண்டிசெல்விக்கும் அழகுத்தாய்க்கும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சண்டை உண்டு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இதற்காகவே கொஞ்சம் முன்கூட்டி வருவார்கள்.

இந்து முதன்முதலாக யூனிபார்ம் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போன ஆவணி மாசத்து வெள்ளிக்கிழமை, சண்டை வழக்கத்தைவிட நீண்டுவிட்டது.

"யக்கா, இதுக்குப் பேரு முழமா? கோழிக்குஞ்சு றெக்கை கூட இதவிட நீளமா இருக்கும். முழம்னா முழம் இருக்கணும்."

"எங் கை இம்புட்டுத்தான். பத்தலைன்னா ஆண்டாள் தேரு வடத்தக் கொண்டாந்து அளந்துக்கோட்டி."

பாண்டிசெல்வி விடவில்லை. மகள் யூனிபார்ம் போட்ட நாளில் ரெண்டு விரல் பூவைக் கூட விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. கடைசியில் அழகுத்தாய் ரெண்டு விரல் பூவைக் கிள்ளி மேலே போட்டபோது, பஸ் ஆஸ்பத்திரி ஸ்டாப்பைத் தாண்டியிருந்தது. அடுத்த பஸ் பிடித்து, ஷெட்டுக்குள் ஓடி நுழைந்தபோது எல்லாத் தறியும் ஓட ஆரம்பித்துவிட்டன. கொண்டை போடவில்லை. துண்டு பைக்குள்ளேயே கிடந்தது. மல்லிகைப் பூவோடு சடை முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே கிடந்த நூல் கட்டையை எடுக்கக் குனிந்தாள். சடை ஒரு பக்கமாகச் சரிந்து மோட்டார் பெல்ட்டுக்குள் போனது.

தறி ரிப்பேர் பார்க்கிற ஜெபின் அப்போது பக்கத்துத் தறியில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கையால் சுவிட்சை அடித்து, மறு கையால் துணி வெட்டுகிற கத்திரியை எடுத்து, அவள் முதுகை ஒட்டிச் சடையை வெட்டினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பாண்டிசெல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சடையை முழுங்க முடியாமல் மோட்டாரே மூச்சுத் திணறி நின்றது என்று ஷெட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சுவிட்சை அடித்தது ஜெபின் என்பதை யாரும் சொல்வதில்லை.

கத்திரி கையில் இருக்க, அழுதது ஜெபின்தான். அவள் அழவில்லை. பின்கழுத்தைத் தடவினாள், முதுகைத் தடவினாள்.

"ஏலே ஜெபினு, எம்புட்டு போச்சு?"

"ஒரு முழம் போச்சுக்கா. ஒரு முழம் இருக்கு."

அவள் முகம் அப்போதுதான் வெளுத்தது.

கிரீஸும் மல்லிகையும் ஒட்டிக் கிடந்த அந்த ஒரு முழத்தை ஜெபின் பெல்ட்டிலிருந்து பிரித்தெடுத்து, பேண்டேஜ் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். தெருவே கூடித் தீர்ப்பும் சொல்லிவிட்டது. மாரியம்மன் தனக்குச் சேர வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டாள், நேர்ச்சை தீர்ந்தது, வேண்டுமானால் இந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கோயிலில் போட்டுவிடு என்றார்கள். ஐயாதுரை அன்றைக்கு உள்ள மூன்று வார்த்தையையும் செலவழித்து, "நீ இருக்கேல்ல, போதும்" என்றார். பாண்டிசெல்வி யார் பேச்சையும் கேட்கவில்லை.

"மிஷினு எடுத்தது எப்பிடி நான் குடுத்ததாகும்? மோட்டாரு தின்னுபோட்ட எச்சியவா சாமிக்குக் கொண்டுபோவாக?"

தன் கடையில் நடந்த சண்டையால் வந்த வினை என்று அழகுத்தாய்க்கு உள்ளுக்குள் உறுத்தல். அதனால் கடையை அடைத்துவிட்டுப் பார்க்க வந்திருந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "இந்த ஊர்ல தலையில சூடுன மாலையையே சாமிக்குப் போட்டிருக்குட்டி" என்றாள்.

"அது ஆண்டாள் சூடுனது யக்கா. மோட்டார் பெல்ட்டு சூடுனதில்ல."

அதோடு தெரு கலைந்தது. அந்த வாரமே துண்டுச் சடையைத் தலையைச் சுற்றித் தூர எறிந்துவிட்டாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். போன முழம் திரும்ப எத்தனை நாளில் வரும்? இந்து படிப்பை முடிக்கிறதற்குள் வருமா, வராதா?

மறுவாரம் சாப்பாட்டு நேரத்தில் ஜெபின் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, முடி மாசத்துக்குச் சுமார் அரை இன்ச் வளருமாம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக் குறைய இருக்குமாம் என்றான். போன் சொன்னதை மட்டும் நம்பி மாரியம்மனிடம் வாக்குக் கொடுக்க முடியுமா? பாண்டிசெல்வி தன் நெற்றி ஓரத்தைக் காட்டினாள். அங்கே நாலைந்து முடி நரைத்திருந்தது. தீபாவளிக்கு டை அடித்தால் பொங்கல் வருவதற்குள் வேரில் ஒரு இன்ச் வெள்ளை எட்டிப் பார்க்கும். எத்தனையோ வருசமாக அவளை எரிச்சல்படுத்திய அந்த நரை முதன்முதலாக ஒரு உபகாரம் செய்தது. ரெண்டு மாசத்துக்கு ஒரு இன்ச், மாசத்துக்கு அரை. போனும் பொய் சொல்லவில்லை.

ஒரு முழம் பதினெட்டு இன்ச். வருசத்துக்கு ஆறு. மூன்று வருசம். இந்துவின் படிப்பும் மூன்று வருசம். கணக்கைச் சொல்லி முடித்ததும் ஜெபின் தன் வேத புத்தகத்தில் இல்லாத ஒரு அம்மனுக்காகச் சந்தோசப்பட்டுச் சிரித்தான். மூன்றாவது வருசம் இருக்கன்குடியில் ஆடி கடைசி வெள்ளி வருவதற்குள் சடை தயாராகிவிடும். ஷெட்டில் இருந்த பன்னிரண்டு பேரும், துணி நெய்தே பிழைக்கிற பன்னிரண்டு பேரும், கணக்கு சரி என்று தலையாட்டினார்கள். அதில் ஒரு ஓட்டை இருந்தது. ஒருத்தர் கண்ணுக்கும் படவில்லை.

அன்றைக்கே பாண்டிசெல்வி ரெண்டு காரியம் செய்தாள். பேண்டேஜ் துணியின் கரையில் ஒரு விரல் அகலத்துக்கு நாடா கிழித்து, தன் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ரெண்டு தரம் வைத்து அளந்து வெட்டி, அடுப்படிக் கதவின் ஆணியில் தொங்கவிட்டாள். அதுதான் அளவு. அப்புறம் ஒரு சபதம். ரெண்டு முழம் வருகிறவரைக்கும் சடை பின்னுவதில்லை, கொண்டைதான். பாதிச் சடையை ஊர் பார்க்கக் கூடாது.

முடி வளர்வதைப் போல ஒரு மெதுவான வேலை உலகத்தில் இல்லை. ரோடு போடுகிற கான்ட்ராக்டர் கூட அதைவிட வேகம். மாசத்துக்கு ஒரு தரம் தலைக்குக் குளித்து, ஈரம் போக உலர்த்தி, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து நிற்பாள். இந்து நாடாவை வைத்துப் பார்ப்பாள். அரை இன்ச் என்றால் அரை இன்ச்தான், ஒரு நூல் கூடத் தராது. பொறுமை இல்லாமல் பாண்டிசெல்வி உலகத்தில் உள்ள எண்ணெயையெல்லாம் ஊற்றினாள். சேத்தூரில் ஒருத்தி கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சுகிறாள் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுப் போய் வாங்கிவந்தாள். தேவதானத்திலிருந்து செம்பருத்தி மூட்டையில் வந்தது. வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் எல்லாம் தலைக்குப் போனதில், ஒரு வாரம் வீட்டில் குழம்புக்குத் தாளிக்க ஒன்றும் இல்லை. ஐயாதுரை ஒன்றும் சொல்லாமல் ரசம் சாப்பிட்டார்.

"எண்ணெய் ஊத்துனா வேகமா ஓடுறதுக்கு அது என்ன பம்புசெட்டாம்மா?" என்றாள் இந்து. முடி வளர்வது வேரில்தான், நுனியில் எதைத் தடவினாலும் நீளாது, எண்ணெய் போட்டால் முறியாமல் இருக்கும், அவ்வளவுதான் என்று படித்ததைச் சொன்னாள். அது மட்டுமில்லை, ஒவ்வொரு முடியும் சில வருசம் வளர்ந்துவிட்டுத் தானே உதிர்ந்துவிடும், சில பேருக்கு இடுப்போடு நின்றுவிடும் என்றும் சொன்னாள். இதைக் கேட்ட அன்று பாண்டிசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. சீப்பில் வருகிற ஒவ்வொரு முடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நீ குட்டையா நெட்டையா என்று பார்த்தாள். முன்னால் ரெண்டு முழம் வந்த தலைதானே, இப்போதும் வரும் என்று இந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் ரெண்டு வாய் சாப்பிட்டாள்.

முதல் வருசம் போனது. ரெண்டாவது வருசம் போனது. கொண்டை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, மூன்றாவது வருசத்தில் துண்டு பத்தாமல் போர்வை கட்ட வேண்டியதாயிற்று என்று ஷெட்டில் கேலி பேசினார்கள். வெள்ளிக்கிழமைச் சண்டை மட்டும் நிற்கவில்லை. கொண்டையைச் சுற்ற முன்னைவிடப் பூ அதிகம் வேண்டும், முழம் அதே அழகுத்தாய் முழம்.

மூன்றாவது வருசம் ஆடி மாசம் பிறந்து பத்து நாளில் இந்து பாஸாகிவிட்டாள் என்று சேதி வந்தது. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் பேசியாகிவிட்டது. அன்றைக்குத் தலைக்குக் குளித்து, முடியை உலர்த்தி, பாண்டிசெல்வி கதவில் சாய்ந்து நின்றாள். இந்து நாடாவை வைத்தாள். முடியின் நுனியும் நாடாவின் நுனியும் ஒன்றாய் நின்றன. பாண்டிசெல்வி கடைக்கு ஓடிப்போய்ப் பால்கோவா வாங்கி, ஷெட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு வாயிலும் தன் கையாலேயே ஊட்டினாள். ஆயில் கை, கிரீஸ் கை எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் இந்து அம்மாவை உட்கார வைத்து, மூன்று வருசத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சடை பின்னினாள். நன்றாக எண்ணெய் தேய்த்து, அழுத்தி வாரி, கயிறு மாதிரி பின்னி முடித்தாள். ஆசைக்கு நாடாவை ஒரு தரம் வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள்.

"என்னட்டி?"

"நாலு விரல் குறையுதும்மா."

பாண்டிசெல்வி தானே சடையை முன்னால் இழுத்துப் போட்டு, தன் கையால் முழம் போட்டுப் பார்த்தாள். ஒரு முழம். ரெண்டாவது முழத்தில் நாலு விரல் வெறும் காற்று.

ஷெட்டில் போய்ச் சொன்னபோது ஜெபின் ஒரு நிமிசம் தறியைப் பார்த்தான், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். நூறு மீட்டர் துணி வேண்டுமென்றால் நூறு மீட்டர் நூல் போட்டால் பத்தாது. நூல் மேலேயும் கீழேயும் வளைந்து வளைந்து போகிறதில் தன் நீளத்தில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிடும். அதற்காகக் கூடுதலாக நூல் போடுவார்கள். இது தறிக்காரன் வீட்டுப் பூனைக்குக் கூடத் தெரியும். சடையும் மூன்று பிரி வளைந்து வளைந்து போகிறதுதான். விரித்த முடி ரெண்டு முழம் இருந்தால் பின்னின சடை ரெண்டு முழம் இருக்காது. நாள் முழுக்க இதையே பார்த்துக்கொண்டு நிற்கிற பன்னிரண்டு பேரும் விரித்த முடியின் கணக்குக்குத்தான் தலையாட்டியிருக்கிறார்கள். நேர்ந்துகொண்டதோ சடை.

ஆடி கடைசி வெள்ளிக்கு ரெண்டே வாரம். நாலு விரல் மூன்று இன்ச், மூன்று இன்ச்சுக்கு ஆறு மாசம். இதற்கு ஜெபினின் போன் வேண்டியிருக்கவில்லை.

யோசனைக்குக் குறைவில்லை. சவுரி வைத்துப் பின்னிவிடலாம் என்றார்கள். லூசாகப் பின்னினால் ரெண்டு விரல் இறங்கும் என்றார்கள். இந்து பார்த்தாள், அம்மா முகம் கறுத்துக்கொண்டே போனது. வேலையில் சேர இன்னும் மூன்று வாரம், அதற்குள் தன் கண் முன்னால் நேர்ச்சை தீர வேண்டுமென்று அவளுக்கும் ஆசை. யாருக்கும் தெரியாமல் காதில் ஒரு வழி சொன்னாள். பேண்டேஜ் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சுருங்கும். நாடாவை ஒரு தரம் வேக வைத்துவிட்டால், அளவே நாலு விரல் குறைந்துவிடும். நர்ஸ் படிப்பு வீண் போகவில்லை.

பாண்டிசெல்வி மகளைப் பார்த்தாள். "எம் முழங்கையையும் வேக வச்சிருவியா?"

கடைசியில் வந்தவள் அழகுத்தாய். வெள்ளிக்கிழமை பூ வாங்க நின்றபோது அவளே கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் கட்டைக் கையை நீட்டினாள். சடையை இதில் வைத்துப் பார் என்றாள். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் நகர்ந்து வந்தது. பாண்டிசெல்வி கொண்டையை அவிழ்த்துச் சடையை முன்னால் போட்டு அழகுத்தாயின் முழங்கையில் வைத்தாள். ஒரு முழம். ரெண்டு முழம். நுனி, அழகுத்தாயின் நடுவிரல் நகத்தைத் தொட்டுக்கொண்டு அச்சாக நின்றது. ஒரு முழத்துக்கு ரெண்டு விரல், ரெண்டு முழத்துக்கு நாலு விரல்.

"பாத்தியா? இந்தக் கையி எத்தன வருசமா ஒன்ன ஏமாத்திருக்கு. இன்னைக்கு ஒனக்கு ஆகட்டும். இதும் முழந்தானட்டி. எத்தன வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த முழத்துல பூ போயிருக்கு."

பாண்டிசெல்வி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்று சொன்னால் போதும். ஆடி வெள்ளிக்கு மகளோடு போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஊரே சாட்சி சொல்லும், மாரியம்மன் முழக்கோலோடு வந்து நிற்கப் போவதில்லை. நாள் தவறினால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயமும் இருந்தது. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் காத்திருந்தார்.

"இந்தக் கையால நான் குடுத்தேன்னு வையி," என்றாள் பாண்டிசெல்வி, "பொறவு எந்த மொகத்த வச்சுக்கிட்டு வெள்ளிக்கெழம ஒங்கூடச் சண்ட போடுவேன்?"

சடையைப் பின்னால் தூக்கி எறிந்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள். அழகுத்தாய் சிரித்தாளா அழுதாளா என்று கூட்டத்தில் ரெண்டு கட்சி உண்டு.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் ஆற்று மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். அவளும் ஐயாதுரையும் இந்துவும் போனார்கள். மொட்டை போடுகிற இடத்தைத் தாண்டி நேராகச் சன்னிதிக்குப் போய், எல்லாரும் குனிந்து கும்பிடுகிற இடத்தில் பாண்டிசெல்வி நிமிர்ந்து நின்று, சடையை முன்னால் போட்டு அம்மனுக்குக் காட்டினாள்.

"ஆத்தா, பாத்துக்கோ. நாலு விரல் கொறையுது. கணக்குல தப்பு எம் பேர்ல. தை கடைசி வெள்ளிக்கு முழுசாக் கொண்டாரேன். அதுவரைக்கும் எம் புள்ளையப் பாத்துக்கோ."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவள் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். இருக்கன்குடியில் அம்மனிடம் கேட்டவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். அளவு குறைகிறது என்று அம்மனிடமே வந்து புகார் கொடுத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இந்து கோயம்புத்தூருக்குப் போனாள். தினமும் போனில் அவள் அம்மாவிடம் சோறு தின்றாயா என்று கேட்பாள், அம்மா அவளிடம் காய்ச்சல் தலைவலி உண்டா என்று கேட்பாள். அந்த ஆறு மாசமும் பாண்டிசெல்வி தூங்கும்போதுகூட ஒரு காதை போனில்தான் வைத்திருந்தாள். மகளுக்கு ஒரு தும்மல் கூட வரவில்லை. இந்த முறை முடியை விரித்து அளக்கவில்லை. மாசத்துக்கு ஒரு தரம் ஐயாதுரை உட்கார்ந்து சடை பின்னினார். பால் கேனுக்குக் கயிறு கட்டிப் பழகிய கை, சடையும் அப்படித்தான் வந்தது, பிரிக்க அரை நாள் ஆகும். பின்னிவிட்டு நாடாவை வைத்துப் பார்த்து, "இன்னும்" என்று ஒரு வார்த்தை சொல்வார்.

தை கடைசி வெள்ளிக்கு இந்து ரெண்டு நாள் லீவு போட்டு வந்தாள். அழகுத்தாயும் கடையை அடைத்துவிட்டுப் பூக்கூடையோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். ஜெபின் தன் பைக்கில் பின்னாலேயே வந்தான், கோயிலுக்குள் வராமல் மொட்டை போடுகிற இடத்திலேயே நின்றுகொண்டான். கணக்குப் போட்டவன் அளவைப் பார்க்காமல் போவானா?

இந்து அழுத்தி வாரி, லூசு இல்லாமல், சவுரி இல்லாமல் பின்னினாள். அழகுத்தாய் பூவை எடுத்தாள். பழக்கத்தில் தன் கையில் முழம் போடப் போனவள், பாதியில் நிறுத்தினாள்.

"ஒங் கைய நீட்டுட்டி."

பாண்டிசெல்வி நீட்டினாள். முழங்கையிலிருந்து நடுவிரல்வரை அவள் கையிலேயே அளந்து, கிள்ளி, சடையில் சுற்றினாள் அழகுத்தாய். அத்தனை வருசத்தில் அவள் கொடுத்த முதல் நேர்மையான முழம் அது.

முடி எடுக்கிறவர் கத்தியை நனைத்துக்கொண்டு காத்திருந்தார். பாண்டிசெல்வி அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மேலேயும் கீழேயும் சடையை இறுக்கிக் கட்டச் சொன்னாள். நாடா வந்தது. ஜெபின் ஒரு நுனியைப் பிடித்தான், இந்து மறு நுனியைப் பிடித்தாள். ரெண்டு முழம். அதற்கு மேலேயும் ஒரு விரல் சடை நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருசமாக மாசத்துக்கு அரை இன்ச் கொடுத்த தலை, கடைசி ஆறு மாசத்தில் ஏதோ கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கிறது.

அந்த ஒரு விரலை வெட்டிச் சரிபண்ணட்டுமா என்று முடி எடுக்கிறவர் கேட்டார்.

"வெட்டாதீக. கொசுறு." சொல்லிவிட்டு அழகுத்தாயை ஒரு பார்வை பார்த்தாள். அழகுத்தாய் கூடையில் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள்.

சடையை முதலில் எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்கள். அவள் தன் கையால் கொண்டுபோய்ப் போட்டாள். மிஷின் எடுக்கவில்லை, பாண்டிசெல்வி கொடுத்தாள். பிறகு மொட்டை, சந்தனம், கும்பிடு. வெளியே வந்தபோது அவள் தலையில் பட்டுத் தெறித்த வெயிலில் ஜெபினுக்குக் கண் கூசியது. ஐயாதுரை அவளைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. சாப்பாட்டுக் கடையில் தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் பளபளவென்று சந்தனத் தலையோடு பூக்கடை முன்னால் வந்து நின்றாள். மொட்டைத் தலைக்குப் பூ எதற்கு என்று அழகுத்தாய் கேட்டாள். சாமி படத்துக்கு ஒரு முழம் என்றாள் பாண்டிசெல்வி. அழகுத்தாய் தன் கட்டைக் கையில் அளந்து கிள்ளினாள்.

"யக்கா, முழமா இது?"

"ஆமா."

"ரெண்டு விரல் எங்க?"

பஸ் கிளம்பியது. கண்டக்டர் ஒரு தரம் எட்டிப் பார்த்தார், ஏறுவதற்குச் சடை இல்லை, விசில் ஊதிவிட்டார். அவள் ரெண்டு விரல் பூவையும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய் இறங்கியபோது எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பைக்குள் துண்டு மடித்தபடியே இருந்தது. பாண்டிசெல்வி மொட்டைத் தலையை நிமிர்த்திக்கொண்டு, மோட்டார் பெல்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் தறிக்கு நடந்து போனாள்.